கேப்டன் என்னும் பட்டம்: நிக்கோபார் ஓடப் பந்தயமும் ஊதியமில்லா அணிகளும்

கார் நிக்கோபார் தீவில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கேப்டன் இருக்கிறார். அவர் இராணுவ அதிகாரி அல்லர், கப்பலோட்டியும் அல்லர். ஊர்த்தலைவருக்கு அங்கே வழங்கும் பெயரே கேப்டன் என்பதுதான். முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன், மூன்றாம் கேப்டன் என்ற வரிசையும் உண்டு. அவர்களை ஊரார் தேர்ந்தெடுக்கின்றனர். கடன்சொற்களின் பயணம் பற்றிய என் ஆய்வுக்காக இச்சொல்லின் வழியைத் தேடத் தொடங்கினேன். தேடல் அகராதியில் தொடங்கி, கடற்கரையில் வரிசையாக அமர்ந்து துடுப்பிடும் ஆடவர் கூட்டத்தில் வந்து நின்றது. பதிவு சற்று நீளமானது. மாலை வேளைகளில் வாலிபால் அணியையோ ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட் அணியையோ நடத்திக் களைத்துப்போன நண்பர்கள் இதைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

விளையாட்டுத் தலைமை பற்றி நாம் படிப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை அணிகளைப் பற்றியவை. ஒன்று பள்ளி அணி: அங்கே பயிற்றுநர் கையில் மதிப்பெண், சான்றிதழ், சில இடங்களில் பிரம்பு. மற்றொன்று தொழில்முறை அணி: அங்கே ஒப்பந்தமும் ஊதியமும். இவ்விரண்டிலும் தலைவனிடம் பிடி ஒன்று இருக்கிறது. முப்பது, நாற்பது வயதில், அலுவலகம் முடித்தோ வலை இழுத்து முடித்தோ, வெறும் விருப்பத்தால் மட்டும் கூடுகிறவர்களின் அணியில் அந்தப் பிடி கிடையாது. வராதவனை என்ன செய்வது? வாட்ஸாப் குழுவில் இருபத்திரண்டு பெயர் இருக்கும்; மைதானத்தில் ஒன்பது பேர் நிற்பார்கள். இதை நான் போர்ட் பிளேரில், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அரசு பெயரிட்டிருக்கும் அதே நகரில், வாரந்தோறும் காண்கிறேன். ஆணையிட முடியாத இடத்தில் தலைமை எதைக் கொண்டு இயங்குகிறது என்ற கேள்விக்கு நிக்கோபாரியரின் வரலாறு கூர்மையான விடை ஒன்றை வைத்திருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் இதே சொல் இருமுறை கரையிறங்கியது. போர்த்துக்கீசியர் வழியாகக் 'கப்பித்தான்' என்று ஒருமுறை, ஆங்கிலேயர் வழியாகக் 'கேப்டன்' என்று மறுமுறை. இரண்டும் நமக்குக் கப்பலையோ படையையோ நினைவூட்டியவை. கடற்கரைத் தமிழில் படகுத் தலைவனுக்குத் 'தண்டல்' என்றும், திசைகாட்டிச் செல்பவனுக்குச் 'சுக்கானி' என்றும் தனிச்சொற்கள் இருந்தமையால் கப்பித்தானுக்கு இங்கே பெரிய வேலை இருக்கவில்லை. நிக்கோபாரில் நிலைமை வேறு. தேங்காய்க்காக வந்த கப்பல்கள் கரையில் ஓர் ஆளைத் தேடின. ஊரின் சார்பில் விலை பேசவும், பொருளை எண்ணிக் கொடுக்கவும் ஒருவர் தேவைப்பட்டார். கப்பலில் இருப்பவன் கேப்டன் என்றால் அவனோடு எதிர்நின்று பேசுகிறவனும் கேப்டன்தானே! இப்படிப் பட்டம் கரையேறியது. பட்டத்தோடு பெயர்களும் ஏறின. மாலுமிகள் விளையாட்டாகச் சூட்டிய ஆங்கிலப் பெயர்களைப் பல தலைவர்கள் பெருமையோடு சுமந்தனர். 'இங்கிலாந்தின் நண்பன்' என்று பொருள்படும் பெயரோடு ஒருவர் இருந்ததாக 1903இல் வெளிவந்த சி. போடன் க்ளாஸின் பயண நூலில் காண்கிறோம்.

1869இல் தீவுகளை எடுத்துக்கொண்ட ஆங்கிலேய ஆட்சி இப்பட்டத்துக்கு முத்திரை குத்தியது. தலைவர்களுக்குச் சான்றிதழ், கொடி, ஆண்டுக்கொரு ஆடை, வந்துபோகும் கப்பல்களைப் பதிய ஒரு புத்தகம் ஆகியவை வழங்கப்பட்டன. ஆட்சியாளர் தம் வசதிக்காக ஒவ்வோர் ஊரிலும் ஒரு 'அதிகாரி'யைப் படைத்துக்கொண்டார்கள் என்று கொள்ளலாம். ஆனால் அங்கு நெடுநாள் பணியாற்றிய ஈ. எச். மேன் முதலானோர் எழுதியவற்றைப் படித்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. இந்தத் தலைவர்களின் சொல்லுக்குச் செல்வாக்கு இருந்தது; கட்டாயப்படுத்தும் வலிமை இருக்கவில்லை. தலைவன் சொல்லைக் கேட்காதவனைத் தண்டிக்கக் காவலரும் இல்லை, சிறையும் இல்லை. ஐரோப்பியர்களுக்கு இது விந்தையாகத் தோன்றியது. சிலர் இதைக் குறையாகவே எழுதினர். எனக்கென்னவோ, நம் ஞாயிற்றுக்கிழமை அணிகளின் கேப்டனை இதைவிடப் பொருத்தமாக யாரும் வருணித்ததில்லை என்று படுகிறது.

இனி ஓடத்துக்கு வருவோம். நிக்கோபாரியரின் ஓடத்தை அந்தமானில் எல்லோரும் 'ஹோடி' என்கிறார்கள். ஒரே மரத்தைக் குடைந்து செய்வது. ஒரு பக்கத்தில் மிதவைக்கட்டை பிணைக்கப்பட்டிருக்கும். நம் 'ஓடம்' என்ற சொல்லோடு இதற்கு உறவு உண்டு என்று கருதுவோர் உண்டு. அது தனிப் பதிவுக்குரியது. பெரிய ஓடங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் அமரலாம். கார் நிக்கோபாரின் ஓடங்கள் எளிதில் கிடைத்தவை அல்ல. தெற்கே நான்கௌரிப் பகுதித் தீவுகளில் குடையப்பட்ட ஓடங்கள் சௌரா என்னும் சின்னஞ்சிறு தீவின் வழியாகவே வடக்கே வந்தன. சௌராவினர் மண்பாண்டத் தொழிலையும் ஓட வணிகத்தையும் தம் கைக்குள் வைத்திருந்தனர். பானை வேண்டுமென்றாலும் ஓடம் வேண்டுமென்றாலும் கார் நிக்கோபாரியர் திறந்த கடலில் எண்பது கிலோமீட்டர் அளவுக்குத் துடுப்பிட்டும் பாய் விரித்தும் அங்கே போய்வர வேண்டியிருந்தது. இரவில் விண்மீன்களே வழிகாட்டி. எனவே கூடித் துடுப்பிடுவது பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. அந்தக் கடலில் ஒருவன் துடுப்பை நிறுத்தினால் அடுத்தவனின் தோள் அதை உடனே உணரும்.

இவ்வளவு அரிதாக வந்த ஓடம் தனியாள் உடைமையாக இருக்க இயலாது. நிக்கோபாரியரின் சமூக அலகு 'துஹெத்' எனப்படும் கூட்டுக்குடும்பம். தென்னந்தோப்பு, பன்றி, நிலம், ஓடம் எல்லாம் அதற்கே உரியவை. ஊரின் கடற்கரையோரம் 'எல்பனம்' என்ற பொதுவெளி இருந்தது. கூடிப்பேசும் வீடும், பிள்ளைப்பேற்றுக்கும் இறப்புக்குமுரிய வீடுகளும், இடுகாடும் அங்கேதான் அமைந்திருந்தன. பந்தய ஓடங்கள் இறங்கியதும் அந்தக் கரையில்தான். நம் ஊரில் விளையாட்டுத்திடல் ஊரின் ஓரத்தில் இருக்கும். அங்கே பிறப்பும் இறப்பும் வழக்கும் விருந்தும் நிகழ்ந்த அதே மணலில் ஆட்டமும் நிகழ்ந்தது.

பந்தயம் நடந்த முறையை மரபுநோக்கில் பார்த்தால், அது அழைப்பில் தொடங்கி அழைப்பில் முடிந்தது. ஓர் ஊர் மற்றோர் ஊரை அழைக்கும். அழைத்த ஊர் விருந்து வைக்க வேண்டும். நிக்கோபாரில் விருந்து என்றால் பன்றி; பன்றியை ஒரு வாரத்தில் வளர்த்துவிட முடியாது. பெரிய விழாக்களுக்கு, குறிப்பாக முன்னோரின் எலும்புகளைத் தோண்டியெடுத்து மீண்டும் அடக்கம் செய்யும் விழாவுக்கு, ஆண்டுக்கணக்கில் சேமிப்பு நடக்கும். வந்து துடுப்பிட்டு உண்டு சென்ற ஊர், தன் முறைக்கு அழைக்கக் கடமைப்பட்டது. நம் கிராமங்களில் மொய் எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்வோமே, ஏறத்தாழ அந்தக் கணக்கு. விருந்தும் மறுவிருந்தும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகும்.

பந்தயத்தில் யார் வென்றார் என்பது முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. நிக்கோபாரியர் போட்டியை அஞ்சியவர்கள் அல்லர். ஊர்களுக்கிடையே பிணக்கு முற்றினால் தலையில் தடித்த காப்பு அணிந்து, நீண்ட கழிகளால் அடித்துக்கொண்டு, சில வீக்கங்களோடு சமாதானமாகும் வழக்கத்தை மேனும் க்ளாஸும் விரிவாகவே எழுதியிருக்கின்றனர். ஓடப் பந்தயத்திலும் தோற்க எந்த ஊரும் விரும்பியிராது. ஆயினும் இருபது ஆடவரை வைகறையில் பயிற்சிக்கு எழுப்பியது வெற்றியின் ஆசை மட்டும் என்றால், தொடர்ந்து தோற்கும் ஊர் விரைவில் பந்தயத்தையே கைவிட்டிருக்கும். நம் வட்டார அணிகள் எப்படிக் கலைகின்றன என்று நினைத்துப் பாருங்கள்: மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றால் நான்காம் ஆட்டத்துக்கு ஆள் சேராது. நிக்கோபாரில் தோற்ற ஊருக்கும் திருப்பி அழைக்கும் கடமை இருந்தது. அக்கடமைக்கு ஓடம் வேண்டும். ஓடத்துக்குத் துடுப்பாளர் வேண்டும். ஒவ்வொருவனும் தன் துஹெத்தின் பன்றி அந்த விருந்தில் சேர்ந்திருப்பதை அறிவான். வராமலிருப்பது கேப்டனுக்குச் செய்யும் அவமதிப்பாகக் கருதப்படவில்லை. அது தன் பங்கைத் தானே விட்டுக்கொடுப்பது. தலைவனின் வேலை, பங்கு ஒவ்வொருவரிடமும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. இந்த இடத்தில் நான் ஊகத்தையும் கலக்கிறேன் என்பதை வாசகர் உணர்வீர்கள். ஆனால் துஹெத், விருந்து, மறுஅழைப்பு மூன்றையும் அருகருகே வைத்தால் வேறு முடிவுக்கு வருவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

ஓடத்துக்குள் இன்னொரு செய்தி உண்டு. துடுப்பிடும் இருபது பேரும் ஒரே நேரத்தில் துடுப்பை அழுத்தினால்தான் ஓடம் ஓடும். மிக வலிமையான ஒருவன் தன் வேகத்தில் இழுத்தால் அது தடுமாறும். இதை நம் மீனவரும் அறிவர். அம்பாப் பாடல்களில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் 'ஐலசா' என்று வாங்கிப் பாடும் முறை தாளத்துக்காக ஏற்பட்டதே. எடுத்துக்கொடுப்பவர் படகிலேயே வலிமையானவராக இருக்க வேண்டியதில்லை. பின்னால் இழுப்பவரின் மூச்சு தெரிந்தவராக இருக்க வேண்டும். மூச்சு வாங்கும் நாற்பத்தைந்து வயதுக்காரரைப் பார்த்தும் வேகம் குறைக்காத தலைவர்களை நான் நம் மைதானங்களில் கண்டிருக்கிறேன். அடுத்த வாரம் அந்த நாற்பத்தைந்து வயதுக்காரர் வரமாட்டார். அவரோடு இன்னும் இருவர் வரமாட்டார்கள்.

இங்கே மொழி சார்ந்த ஒரு குறிப்பைச் சொல்லாமல் போக மனமில்லை. விளையாட்டு வரலாறு என்றால் நாம் தலைவர்களின் பெயர்ப்பட்டியலைத்தான் எதிர்பார்க்கிறோம்: இந்த ஆண்டு இன்னார் தலைமையில், அந்த ஆண்டு அன்னார் தலைமையில். ஓடப் பந்தயத்துக்கு அப்படியொரு பட்டியல் உருவாக வழியே இருக்கவில்லை. எழுத்து இல்லாமை ஒரு காரணம். மற்றொரு காரணம், இறந்தவர் பெயரைச் சொல்லலாகாது என்ற விலக்கு. 19ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த டி ரோப்ஸ்டார்ஃப் இதைப் பதிவு செய்தார். இறந்தவரின் பெயர் அன்றாடச் சொல்லாகவும் இருந்துவிட்டால், அந்தச் சொல்லையே கைவிட்டு வேறு சொல்லை ஆக்கிக்கொள்வார்களாம். மொழிவரலாறு எழுதுகிறவர்களுக்கு இது பெருந்தலைவலி. விளையாட்டுக்கு இதன் விளைவு வேறு: மிகச் சிறந்த தலைவனும் இறந்தவுடன் பெயரளவில் மறைந்துவிடுவான், ஓடம் நிற்கும், ஊரின் பெயர் நிற்கும். மூஸ் வென்றது, லபாத்தி வென்றது என்றே பேச்சு இருந்திருக்கும். தனிப்புகழுக்காகத் தலைமை ஏற்பவனுக்கு அந்தச் சமூகத்தில் பெரிய ஊக்கம் இருந்திருக்க இயலாது.

நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறான மாதிரி ஒன்று இருந்தது. அதையும் சொன்னால்தான் ஒப்பீடு விளங்கும். 1888ஆம் ஆண்டு சென்னையில் புச்சி பாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். ஐரோப்பியருக்கென்று 1846 முதல் கிரிக்கெட் கிளப் இருந்தது. இந்தியருக்கு அதில் சமஇடம் இல்லை. செல்வக் குடும்பத்தவரான புச்சி பாபு தம் பணத்தில் மட்டையும் பந்தும் உடையும் வாங்கிக் கொடுத்து, வேலைக்குப் போகிறவர்களையும் மாணவர்களையும் அழைத்துவந்து ஆடவைத்தார். அது புரவலர் தலைமை. பெருமைக்குரியதுதான், தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை என்று அவர் பெயர் இன்றும் ஒரு போட்டித்தொடரில் வாழ்கிறது. 1908இல் அவர் காலமானார். புரவலர் தலைமையின் வலிமையும் ஆபத்தும் ஒன்றே: அணியின் உணவும் உடையும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன. அந்த வீட்டின் பிள்ளைகளும் நண்பர்களும் பொறுப்பை ஏற்றதால் அவர் தொடங்கியது நிலைத்தது. எல்லா ஊர்ப் புரவலருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. தேர்தலுக்கு முன் சீருடை வாங்கிக் கொடுத்த அண்ணன் தோற்றுப்போனதும் மறைந்துபோன கபடிக் குழுக்கள் எத்தனை!

புச்சி பாபு கிளப் தொடங்கிய அதே 1888இல்தான் ஆங்கிலேயர் நான்கௌரித் துறைமுகத்தில் நடத்திவந்த தண்டனைக் குடியிருப்பை மூடிவிட்டு நகர்ந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் கார் நிக்கோபாரின் மூஸ் ஊருக்கு ஒரு தமிழர் வந்துசேர்ந்தார். வேதப்பன் சாலமன். சமயப் பணியாளராகவும் அரசின் முகவராகவும் ஆசிரியராகவும் அவர் அங்கே இருந்தார். அவருடைய நாட்குறிப்புப் பகுதிகள் 1902இல் இலண்டன் மானிடவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தன. தீவின் விழாக்களையும் நோய்களையும் சண்டைகளையும் நாள்தோறும் குறித்துவைத்த தமிழர் ஒருவர் இருந்தார் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'மாநக்கவாரம்' இருப்பதைப் பற்றி ஆயிரம் பதிவு எழுதுகிறோம், மூஸில் உட்கார்ந்து எழுதிய சாலமனைப் பற்றி ஒரு பதிவும் கண்ணில் படுவதில்லை. அவரிடம் பயின்ற மூஸ் சிறுவன் ஒருவன் மேற்படிப்புக்காகப் பர்மாவின் மாந்தளைக்கு அனுப்பப்பட்டான். அவனே பின்னாளில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன்.

ரிச்சர்ட்சன் 1884இல் பிறந்தவர். 1912இல் ஆசிரியராகத் தீவு திரும்பினார். தம் மொழிக்குப் பாடநூல் எழுதினார். முழு விவிலியத்தின் கார் நிக்கோபார் மொழிபெயர்ப்பு 1969இல் நிறைவுற்றது. நிக்கோபாரியர் அவரை நினைவுகூரும்போது மதத்தையும் எழுத்தையும் மட்டும் சொல்வதில்லை. தீவுக்குள் கால்பந்தைப் பரப்பியவர் என்றும் சொல்கின்றனர். இன்று கார் நிக்கோபாரின் எந்த ஊரிலும் கால்பந்து ஆடும் திடலைக் காணலாம். வெளியிலிருந்து வந்த ஆட்டம் ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு ரிச்சர்ட்சனின் ஆளுமை ஒரு காரணம். இன்னொரு காரணம் அங்கே ஏற்கனவே இருந்த அமைப்பு என்று எண்ணுகிறேன். ஊருக்கு ஊர் அழைப்பதும், விருந்திடுவதும், மறுமுறை போவதும் ஓடப் பந்தயத்தால் பழகியிருந்தன. பந்தையும் அதே கரையில் வைத்து உதைத்தார்கள். பதினோரு பேரின் தலைவனுக்கும் கேப்டன் என்றே பெயர் என்பது அவர்களுக்குப் புதுச்செய்தியாக இருந்திருக்காது. அந்தச் சொல் அதற்கு முன்பே அவர்கள் ஊரில் குடியிருந்தது.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் தீவைப் பிடித்திருந்தனர். நிக்கோபாரியரைக் கட்டாய வேலையில் நிறுத்தி விமானத்தளம் அமைத்தனர். உளவு என்ற குற்றச்சாட்டில் பலரைக் கொன்றனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார்; அவர் குடும்பத்திலும் உயிரிழப்பு நேர்ந்தது. அந்தக் காலத்தில் இருபது பேரை வைகறையில் எழுப்பி வேலைக்கு நிறுத்த ஒரு துப்பாக்கி போதுமானதாக இருந்தது. போருக்குப் பிறகு அந்தத் தீவில் ஆடவர் மறுபடி தாமாகக் கூடித் துடுப்பிட்டதையும் பந்தாடியதையும் நினைக்கும்போதெல்லாம், கட்டாயத்தால் கூடுவதற்கும் விருப்பத்தால் கூடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையிருந்திராது என்று தோன்றும். ரிச்சர்ட்சன் 1952இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். 1978இல் மறைந்தார். கார் நிக்கோபாரின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2004 டிசம்பர் 26. அந்த நாளைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. கடற்கரையில் இருந்த ஊர்கள் அழிந்தன. எல்பனங்கள் போயின, ஓடங்கள் போயின, தோப்புகள் உப்பில் கருகின. நிக்கோபார் மாவட்டத்தில் இறந்தோரும் காணாமற்போனோருமாக அரசுக் கணக்கே மூவாயிரத்தைத் தாண்டியது. ஓடம் வரும் வழியாக இருந்த சௌராவின் மக்கள் முழுவதும் தெரேசாத் தீவுக்கு மாற்றப்பட்டனர். எஞ்சியவர்கள் உள்நிலத்தில் தகரக் கொட்டகைகளில் தங்கினர்.

அடுத்து நடந்ததுதான் நம் பொருளுக்கு நெருக்கமானது. நிவாரணம் வந்தது, ஏராளமாகவே வந்தது. ஆனால் அது தாய், தந்தை, பிள்ளைகள் என்ற சிறுகுடும்பக் கணக்கில் வந்தது. வீடு சிறுகுடும்பத்துக்கு, இழப்பீடு தனி வங்கிக் கணக்குக்கு. துஹெத் என்ற அலகை அரசின் படிவங்கள் அறியவில்லை. பொதுச்சொத்தைப் பிரித்துக்கொடுப்பதால் என்ன நேரும் என்று சிம்ரோன் ஜித் சிங் முதலிய ஆய்வாளர்கள் அப்போதே எச்சரித்தனர். கைக்குப் பணம் வந்தது; மோட்டார் சைக்கிள் வந்தது; தொலைக்காட்சி வந்தது. தோப்பு மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்ற நிலையில், கூடிச் செய்வதற்கு வேலையே இல்லாத ஒரு காலம் உண்டாயிற்று. பங்கு என்று ஒன்று ஒவ்வொருவரிடமும் இருந்ததால் ஓடத்தில் ஏறினார்கள் என்று மேலே எழுதினேன். பங்கு வங்கிக் கணக்காக மாறிய பின் ஓடத்தில் ஏற என்ன இருக்கிறது?

ஏறினார்கள். ஓடங்கள் மறுபடி செய்யப்பட்டன, ஊர்கள் மறுபடி அழைத்துக்கொண்டன, பந்தயம் மீண்டது. முன்பிருந்த அதே வடிவில் மீண்டது என்று சொல்வது மிகையாகும். இன்று அரசு விழாக்களிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் ஹோடிப் பந்தயம் இடம்பெறுகிறது. கோப்பை, பரிசுத்தொகை, விருந்தினர் மேடை எல்லாம் சேர்ந்துவிட்டன. இவற்றை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பரிசுத்தொகைக்காகத் துடுப்பிடும் அணி, தொகை நின்ற ஆண்டில் நிற்கும். பன்றியை வளர்த்துவைத்து அழைப்பு அனுப்பும் ஊர் அதற்கு அடுத்த ஆண்டும் துடுப்பிடும். எந்தப் பந்தயத்தை எந்த விசை நகர்த்துகிறது என்பதைக் கரையில் நிற்பவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடலாம்: தோற்ற ஓடம் கரையேறும்போது அதைத் தூக்க யார் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

வெளியுலகம் அறிந்த நிக்கோபார் விளையாட்டு வீரர்கள் மிதிவண்டிப் பந்தயக்காரர்கள். ஆழிப்பேரலையில் சிறுமியாக உயிர்தப்பிய டெபோரா ஹெரால்டும், இளையோர் உலகப் போட்டிகளில் பதக்கம் வென்ற ஈசோ ஆல்பனும் நாட்டுக்கே பெருமை. அவர்களைப் பற்றிய செய்திகளில் எல்லாம் 'மன உறுதி' என்ற சொல் தவறாமல் வருகிறது. எனக்கு அச்சொல்லில் நிறைவில்லை. மன உறுதி தனி ஒருவருக்குப் பொருந்தும். துடுப்பாளர் இருபது பேரும், அவர்களுக்குச் சமைப்பவர்களும், பன்றிக்குத் தேங்காய் உடைப்பவர்களும் சேர்ந்த ஒன்றைக் குறிக்க நம் விளையாட்டுச் செய்தித் தமிழில் சொல் இல்லை. 'அணி' என்பது களத்தில் நிற்பவர்களோடு முடிந்துவிடுகிறது.

நடைமுறையில் இதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று சென்ற மாதம் ஒரு நண்பர் கேட்டார். அவர் இங்கே ஓர் அலுவலக அணியை நடத்துகிறார். துஹெத்தை நாம் நகலெடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவர் அணியில் பந்து வாங்குவது, திடலுக்குப் பணம் கட்டுவது, எதிரணியைத் தொலைபேசியில் அழைப்பது, ஆட்டம் முடிந்தபின் தேநீர் வாங்கித்தருவது எல்லாமே அவர்தான். புச்சி பாபு அளவுக்குச் செல்வம் இருந்தால் அது நடக்கும். அவருக்கு இருப்பது எழுத்தர் சம்பளம். மற்றவர்களிடம் எந்தப் பங்கும் இல்லாதபோது அவர்கள் வராமலிருப்பதால் அவர்களுக்கு எதுவும் குறைவதில்லை. அடுத்த ஆட்டத்துக்கு எதிரணியை அழைக்கும் பொறுப்பை, அடிக்கடி வராதவர் ஒருவரிடம் ஒப்படைத்துப் பாருங்கள் என்றேன். செய்தார். அந்த மனிதர் வந்தார். வந்ததோடு, கைபேசியில் பேசி ஒப்புக்கொண்ட எதிரணிக்கு முன் ஆள் குறைந்தால் மானம் போகும் என்று மூன்று பேரைக் கூட்டியும் வந்தார். ஓர் ஆட்டத்தை வைத்துக் கோட்பாடு கட்டக்கூடாது என்பது எனக்கும் தெரியும்.

கார் நிக்கோபார் பழங்குடிகளின் பாதுகாக்கப்பட்ட பகுதி. 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி உரிய அனுமதியின்றி வெளியார் போக முடியாது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆகவே இப்பதிவு பெரும்பாலும் நூல்களிலிருந்தும், நகருக்குப் படிக்கவும் பணிபுரியவும் வந்த நிக்கோபாரியரோடு பேசியதிலிருந்தும் உருவானது. ஜார்ஜ் ஒயிட்ஹெட் தொகுத்து 1925இல் ரங்கூனில் அச்சான கார் நிக்கோபார் அகராதியில் ஓடம், துடுப்பு, கடல் நிலை சார்ந்த சொற்களை இப்போது தனியாகப் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, காட்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அரசுப் பணி, வணிகம், கட்டுமான வேலை என்று கார் நிக்கோபாரிலும் கமோர்ட்டாவிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து திரும்பிய தமிழர்களும் பலர். உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒருவர் இருந்து, நிக்கோபாரியரோடு கால்பந்து ஆடியதையோ ஹோடியில் ஏறித் துடுப்பிட்டதையோ பற்றிப் பேசக் கேட்டிருந்தால், அவர் பயன்படுத்திய சொற்களோடு எழுதி அனுப்புங்கள். குறிப்பாக, துடுப்பாளர்களை ஒன்றாக இழுக்கவைக்க ஓடத்தின் பின்முனையில் அமர்ந்தவர் என்ன ஒலி எழுப்பினார் என்பது யாருக்கேனும் நினைவிருந்தால், எழுத்தில் வேண்டாம், குரற்பதிவாகவே அனுப்புங்கள்.